முதல் காட்சியில் ஒரு பெண் ரயிலேறுகிறாள்

கல்கத்தாவின் டாக்குரியாவில் மார்கழிப் பனி காலை எட்டு மணிக்கும் எழுந்து போகாது. ரயில் பாலத்தின் மேல் பஸ்களின் விளக்குகள் மட்டும் மஞ்சளாக மிதந்து வரும். பஸ் எது, பனி எது என்று பிரிக்க முடியாது. பாலத்துக்கு அடியில் ஸ்டேஷன். ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், மூன்றாம் மாடியில் ஷியாமளாவின் வீடு. கல்யாணமான புதிதில், துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த ரங்கராஜனின் பின்னால் ஏறி வந்த மாடி அது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் இருவரும் இறங்கவில்லை. மாயவரத்தில் யாராவது, "இன்னும் கல்கத்தாலயா இருக்கேள்?" என்று கேட்டால் ரங்கராஜன், "அங்க குளிர் நன்னாருக்கு" என்பார். அதற்கு மேல் அவர் எதற்கும் காரணம் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஷியாமளா பச்சைப் பட்டாணிக் கூடையோடு கூடத்துக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு ரயில் ஸ்டேஷன் இருந்தது. இரண்டு நீளக் கரண்டிகள் தண்டவாளம். உளுந்து டப்பா ரயில். இரண்டு டம்ளர்களின் மேல் படுத்திருந்த பூரிக்கட்டை பாலம். தண்டவாளத்தின் ஓரத்தில் உப்பு ஜாடி தனியாக நின்றது.

"என்னடி இது? எனக்கு உளுந்து வேணும், நனைக்கணும்."

"அஞ்சு நிமிஷம்மா. ரயில் இப்பதான் வந்து நிக்கறது" என்றாள் சாதனா.

"மாஷிமா, சிக்னல் இல்ல" என்றான் மது. மதுசூதன், சாதனாவின் கேமராமேன். வங்காளி; ஷியாமளாவைச் சித்தி முறை வைத்து மாஷிமா என்றுதான் கூப்பிடுவான். சென்னையில் படம் பிடிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் தமிழையும் சேர்த்துக் கற்றுக்கொண்டவன்.

சாதனா ஷியாமளாவின் ஒரே பெண். டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் அடுத்தவர் படங்களுக்கு உதவி இயக்குநராக ஓடி ஓடி முப்பதைத் தாண்டியிருந்தாள். இப்போதுதான் சென்னையிலிருந்து வாஞ்சிநாதன் என்ற தயாரிப்பாளர், கல்கத்தாவில் நடக்கிற ஒரு தமிழ்த் த்ரில்லருக்குக் காது கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவார். "முதல் சீனை மட்டும் சொல்லுங்க. அது என்னைப் புடிச்சு உக்கார வெச்சா மிச்சத்தக் கேக்கறேன்" என்று சொல்லியிருந்தார். சாதனா பிணத்தோடு ஒரு தொடக்கம் எழுதினாள், கிழித்தாள். மழையோடு ஒன்று, அதையும் கிழித்தாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஷியாமளா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பட்டாணி உரிக்க உட்கார்ந்தாள். ஜன்னலோரம் ரங்கராஜன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"டாப் ஆங்கிள்" என்றாள் சாதனா, பூரிக்கட்டையின் மேல் விரலை வைத்து. "பாலத்துலேர்ந்து பாக்கறோம். கீழே பனி. பிளாட்பாரம் தெரியறாப்லயும் இருக்கு, தெரியாத மாதிரியும் இருக்கு. ஜனங்கள் நிழல் மாதிரி போயிண்டிருக்கா. ஒருத்தி மட்டும் அசையாம நிக்கறா."

"முகம்?"

"முகம் வேண்டாம். பச்சை ஷால். கையில ஒயர் கூடை. கூடைலேர்ந்து முள்ளங்கித் தழை எட்டிப் பாக்கறது. காய் வாங்க வந்தவ, அவ்வளவுதான். கேனிங் லோக்கல் வரது. அவளை மறைக்கறது." சாதனா உளுந்து டப்பாவை மெதுவாகத் தள்ளினாள். இன்னொரு கையால் உப்பு ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ரயில் போயிடறது. அவ இல்லை. கூடை மட்டும் பெஞ்சு மேல."

ஷியாமளாவின் கையில் பட்டாணித் தோல் பாதி திறந்தபடி நின்றது. உள்ளேயிருந்த மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்து ஓடின. அவள் குனியவில்லை.

"த்ரில்லர்னா கத்தி கித்தி ஒண்ணும் வேண்டாமா?" என்றார் ரங்கராஜன் தாளுக்குப் பின்னாலிருந்து.

"கத்தியைக் காமிச்சா பயம் போயிடும்பா. காமிக்காத வரைக்கும்தான்."

"பாலத்து மேலேர்ந்து யார் பாக்கறா?" என்று ஷியாமளா கேட்டாள். குரல் தன்னுடையதுபோலவே இல்லை.

சாதனா தலை நிமிரவில்லை. "ஸ்கூல் பஸ்ல ஒரு குழந்தை. பாலத்துல டிராஃபிக் நின்னுடுத்து. ஜன்னல் கண்ணாடில ஆவி. கையால துடைச்சுட்டுப் பாக்கறது."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியலைம்மா. அங்கதான் நிக்கறேன். அவ எங்க போனான்னு எனக்கே தெரியல."

ஷியாமளா தரையில் உருண்ட பட்டாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். மேஜைக்கு அடியில் குனிந்தபடி வெகுநேரம் இருந்தாள்.

மறுநாள் காலை சோதனைக்காகப் போனில் படம் பிடித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. பிளாட்பாரத்தில் நிற்க வேண்டிய நாடகக்காரப் பெண்ணுக்குக் காய்ச்சல்.

"நீ வந்து நில்லேன்மா. முகம் வராது."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் ஷியாமளா வாயைத் திறந்தாள். "செருப்பு எதைப் போட்டுக்கறது?" என்று கேட்டாள்.

கீழ்வீட்டு வங்காளி மாமி போஸ் காக்கிமாவிடமிருந்து ஒரு பச்சை ஷால் வந்தது. நாப்தலின் வாசனை அடித்தது. ஷியாமளாவிடமும் ஒரு பச்சை ஷால் ஒரு காலத்தில் இருந்தது. பாத்திரக்காரியிடம் போட்டுவிட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கிவிட்டாள்.

ஸ்டேஷன் அப்படியேதான் இருந்தது. தண்டவாளத்தை ஒட்டிக் குடிசைகள், குடிசை வாசலில் கரியடுப்புகளின் புகை. புகையும் பனியும் சேர்ந்து ஒரே சாம்பல் நிறம். ஆற்றோரக் கடைசி ஸ்டேஷனான கேனிங் பக்கத்திலிருந்து விடியலிலேயே வந்து தெற்குக் கல்கத்தா வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, கீரையும் மீனும் விற்று முடித்த பெண்கள் திரும்பிப் போவதற்காகக் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். மண் குவளையில் டீ. ஒருத்தி மடியில் பொரி கொட்டி எல்லோருக்கும் நீட்டினாள். ஒருத்தி அடுத்தவள் தலையில் பேன் பார்த்தாள். ஷியாமளா பெஞ்சுக்கருகே கூடையோடு நின்றாள். குளிர் கணுக்காலிலிருந்து ஏறியது. கண்ணை மூடித் திறந்தால் எந்த வருஷத்தில் இருப்போம் என்று அவளுக்கு நிச்சயமில்லை. மூடாமலே நின்றாள்.

முதலில் தண்டவாளம் முனகியது. பிறகு பனியில் ஒரு வெளிச்சப் பொட்டு. பிறகு ரயில். பெண்கள் பெட்டியின் வாசலில் தொங்கிய ஒருத்தி இவளைப் பார்த்து, "ஏறு, ஏறு, நிக்காதே" என்று வங்காளத்தில் கத்தினாள், கையையும் நீட்டினாள். ஷியாமளாவின் வலது கால் தானாகவே ஓர் அடி எடுத்து வைத்தது.

ரயில் போயிற்று. அவள் பிளாட்பாரத்திலேயே இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாதனாவின் சிவப்புக் குல்லாய் தெரிந்தது. குல்லாய் மட்டுமல்ல, குல்லாயிலிருந்து தொங்கிய குஞ்சம்கூடத் தெரிந்தது. இங்கிருந்து அங்கே இவ்வளவு தெரிகிறது என்றால், அங்கிருந்து இங்கே எவ்வளவு தெரியும்?

சாதனா படியிறங்கி வந்தாள். மது மேலேயே ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீக்காரன் கேட்காமலே இரண்டு குவளை கொடுத்துவிட்டுப் போனான்.

"அந்தக் குழந்தை நீதானே?" என்றாள் ஷியாமளா.

"ம்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையேடி."

"நீயும் சொல்லலையே."

எதிர்ப் பிளாட்பாரத்தில் சியால்தா ரயில் ஒன்று நின்று, கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போயிற்று.

"ஆத்துக்கு வந்தியே, கதவு பூட்டியிருந்திருக்குமே. என்ன பண்ணினே?"

"மாடிப்படில உக்காந்துண்டிருந்தேன். போஸ் காக்கிமா கூப்பிட்டா, போகலை. நீ வரச்சே நான் அங்க இருக்கணும்னு தோணித்து. அன்னிக்குப் பாத்து அப்பா ஆபீஸ்லேர்ந்து சீக்கிரம் வந்துட்டா. அம்மா எங்கேன்னு கேட்டா. காளிகாட் கோயிலுக்குப் போயிருக்கான்னு சொன்னேன்."

ஷியாமளா குவளையைப் பெஞ்சின் மேல் வைத்தாள். "நீயா சொன்னே?"

"நான்தான்."

"ஏன் பொய் சொன்னே? ஒம்பது வயசுல?"

"ரயில்ல ஏறிட்டான்னு சொன்னா நீ திரும்பியே வரமாட்டேன்னு பயம். கோயிலுக்குப் போனவா எல்லாரும் திரும்பி வந்துடுவா இல்லையா? அதான்."

ஷியாமளாவுக்கு அந்தச் சாயங்காலம் நினைவு வந்தது. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் படியேறினாள். கதவைத் திறந்த ரங்கராஜன், "காளிகாட்ல கூட்டமா?" என்றார். "ஆமா, செவ்வாய்க்கிழமையில்லையா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். கூடை எங்கே என்று அவர் கேட்டதற்கு, நெரிசலில் யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். அன்றிலிருந்து அவள் ஒன்றை நம்பி வந்தாள். இவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் கேட்காமல், உள்ளே வருவதற்கு எனக்கு ஒரு பொய்யைக் கையில் கொடுத்து வழிவிட்டார் என்று. பேசாத மனுஷருக்குள் இவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து, அந்த நன்றியிலேயே எத்தனையோ நாட்களை ஓட்டியிருந்தாள். உண்மையில் அவருக்கு ஒன்றுமே தெரியாது. பொய்யைச் செய்து வைத்தது படியில் உட்கார்ந்திருந்த குழந்தை.

"எங்கம்மா போனே?" என்றாள் சாதனா.

ஷியாமளா வாயெடுத்தாள். மது மேலேயிருந்து, "இன்னொரு டேக்! பனி போகுது!" என்று கத்தினான். அவள் எழுந்து போய் மறுபடி அதே இடத்தில் நின்றாள்.

"வேண்டாம்னா விட்டுடறேன்மா" என்றாள் சாதனா வீடு திரும்பும் வழியில். "வேற ஓப்பனிங் யோசிக்கறேன். நிஜமாத்தான் சொல்றேன்."

ஷியாமளா ஷாலை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் மடிக்கணினியை ஸ்டூல் மேல் வைத்தார்கள். ரங்கராஜன் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, திரையில் தெரியாத ஓரத்தில் உட்கார்ந்தார். பெண்ணுக்கு இது முக்கியமான நாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சட்டையில்தான் சொல்ல முடிந்தது.

வாஞ்சிநாதன் திரையில் வந்தார். பெரிய மீசை, கழுத்தில் துண்டு. சாதனா சொல்லத் தொடங்கினாள். அவள் குரல் தாழ்ந்தது. பனி, பாலம், முனகும் தண்டவாளம், பச்சை ஷால். சொல்லச் சொல்லக் கூடத்துக்குள்ளேயே பனி இறங்கியதுபோலிருந்தது. படியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் வந்து, அப்பா கேட்பதையும் குழந்தை பொய் சொல்வதையும் சொல்லி நிறுத்தினாள். அந்தப் பகுதி மேஜை மேல் இருந்ததில்லை. ஷியாமளா ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாஞ்சிநாதன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லாருக்கு மேடம். புள்ள பொய் சொல்லுது பாருங்க, அங்க என்னைப் புடிச்சு உக்கார வெச்சிருச்சு. சரி, அந்தப் பொம்பள எங்க போச்சு?"

"அது சார்... போகப்போகத் தெரியும்."

"ஆடியன்ஸுக்குப் போகப்போகத் தெரியட்டும். எனக்கு இப்பத் தெரியணும். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாம ஆரம்பிச்ச படம் எதுவும் முடிஞ்சதில்ல மேடம். நான் பட்டிருக்கேன்."

ஓரத்தில் கூசியபடி இருந்த மது நகத்தைக் கடித்தான். தெருவில் ஒருவன் பனைவெல்லம் கூவிக்கொண்டு போனான்.

"கேனிங் வரைக்கும் போனா" என்றாள் ஷியாமளா.

"யாரு பேசறது?"

"அம்மா" என்றாள் சாதனா.

ஷியாமளா திரைக்கு முன்னால் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அவளுக்குப் பாஷை தெரியாது. ஆத்துல பேச ஆளில்லை. அவ ஆத்துக்காரர் நல்லவர்தான், ஆனா என்ன கேட்டாலும் 'ம்' தான். அன்னிக்குக் காலம்பற, ரசத்துல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா. 'ம்'ன்னார். உப்பே போடலை அவ. வேணும்னுட்டேதான் போடலை. காய் வாங்கப் போனா. ரயில் வந்தது, ஏறிட்டா. பக்கத்துல ஒரு மீன்காரி, காலி அன்னக்கூடையை மடில வெச்சுண்டு. இவ அழறதைப் பாத்து என்னமோ கேட்டா, வங்காளத்துல. இவ தமிழ்ல பதில் சொன்னா. அவ சொன்னது இவளுக்குப் புரியலை, இவ சொன்னது அவளுக்குப் புரியலை. கேனிங் வர வரைக்கும் ரெண்டு பேரும் பேசிண்டே போனா. அவ இலந்தைப்பழம் குடுத்தா, உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுண்டு. அங்க ஆறு. பனில அக்கரையே தெரியலை. படகுல ஏறறவாளை எல்லாம் பாத்துண்டே கரையில நின்னா. அவ்வளவுதான். திரும்பிட்டா."

வாஞ்சிநாதன் மீசையைத் தடவினார். பிறகு, "திரும்பாம இருந்தாதான் மேடம் படம்" என்றார் மெதுவாக. "ஆனா எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த மீன்காரிய விட்டுறாதீங்க. ரெண்டாவது சீன் எழுதிட்டுக் கூப்பிடுங்க. பண்ணுவோம்."

திரை அணைந்தது. மது சாதனாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். சாதனா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அப்பாவையே பார்த்தாள்.

ரங்கராஜன் எழுந்தார். கொக்கியிலிருந்து சால்வையை எடுத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். காபி மேஜையில் ஆறியது.

"தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"நீ என்னடி பண்ணினே? நான்தான் சொன்னேன்."

சாப்பாட்டு நேரமாகியும் அவர் வரவில்லை. ஷியாமளாவும் கிளம்பினாள். எங்கே போயிருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவருக்கு இந்த ஊரில் போக இடம் ஒன்றுதான்.

பாலத்துக்கு மறுபுறம் இருக்கிற ஏரிக்கரையில் பனி இன்னும் தண்ணீர் மேல் படுத்திருந்தது. படகுக் கிளப் பையன்கள் நீளப் படகில் துடுப்பு வலித்தார்கள். படகு தெரியாமல் எண்ணிக்கைக் குரல் மட்டும் வந்தது. ரங்கராஜன் வாதுமை மரத்தடிப் பெஞ்சில் இருந்தார். அவள் வந்து உட்கார இடம் விட்டு நகர்ந்தார்.

வெகுநேரம் கழித்து, "எனக்குத் தெரியவே தெரியாது, ஷியாமளா" என்றார்.

"நேத்திக்குத்தான் எனக்கு அது தெரிஞ்சது."

"நீ போனதைச் சொல்லலை. வந்தியே, வந்து எனக்கு உப்புமா கிண்டினே. ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டேன். எதிர்த்தாப்லதான் நின்னுண்டிருந்தே. அன்னிக்கு உன் முகம் எப்படி இருந்ததுன்னு காலம்பறலேர்ந்து யோசிச்சுண்டிருக்கேன். ஞாபகத்துல வரமாட்டேங்கறது. பாத்திருந்தாத்தானே வரும்."

இத்தனை வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை.

"டிக்கெட் எடுத்தியா?" என்றார்.

"எடுத்தேன்."

"போக வரவா?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "போக மட்டும்தான்."

அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். ஒரு கை மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வரதுக்கு அங்க எடுத்தேன்" என்றாள். "வரிசையில நின்னேன். எந்த ஊருக்குன்னு கவுண்டர்ல கேட்டான். மாயவரம்னு சொல்லணும்னுதான் நெனைச்சேன். வாயில டாக்குரியான்னு வந்துடுத்து."

துடுப்புப் படகு பனியிலிருந்து வெளியே வந்து, அவர்கள் எதிரே கத்திபோல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், மறுபடி பனிக்குள் புகுந்தது. அலை மட்டும் தாமதமாகக் கரைக்கு வந்து தொட்டது.

"அந்த மீன்காரிகிட்ட" என்றார் ரங்கராஜன். "கேனிங் வரைக்கும் பேசிண்டே போனேன்னியே. அவகிட்ட என்ன சொன்னே?"

"அவளுக்குத்தான் ஒண்ணும் புரியலையே."

"எனக்குப் புரியும். சொல்லேன்."

ஷியாமளா அவரைத் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முழங்கால்களை அவள் பக்கம் திருப்பி, முன்னால் சாய்ந்து, காது மந்தமானவர்போல உட்கார்ந்திருந்தார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்று ரயிலில் எங்கே தொடங்கினாளோ அங்கிருந்தே தொடங்கினாள்.